முதற் சுற்றின் மயக்கம்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, சாத்தூர் என எத்திசையில் விடியற்காலையில் புறப்பட்டாலும், சாலையோரத்தில் வாலிபர்கள் கூட்டங் கூட்டமாக ஓடுவதைக் காணலாம். இவர்கள் பொழுதுபோக்கிற்காக ஓடுகிறவர்கள் அல்லர். போலீஸ் உத்தியோகத்துக்கும் இராணுவத்துக்கும் ஆள் எடுக்கும் நாளை எண்ணி ஓடுகிறவர்கள். மழை பொய்த்தால் வெள்ளாமை பொய்க்கும் கரிசற் சீமையில், பருத்திக் காட்டையும் தீப்பெட்டி ஆபீஸையும் விட்டால் வேறு பிழைப்பு அரிது. அங்கே மாதந் தவறாது சம்பளம் வரும் ஓர் உத்தியோகம் ஒரு குடும்பத்துக்கு எத்துணை பெரிய ஆதரவு என்பதை நம் வாசகர்களுக்கு விவரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த ஆதரவுக்கும் இவ்வாலிபருக்கும் இடையே நிற்பவை சில விநாடிகள். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆடவர் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடித்தல் வேண்டும். 2022-ம் வருஷத்தில் ஏற்பட்ட அக்னிபாத் திட்டத்தின்படி இராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் முகாமிலோ, 1,600 மீட்டரை 5 நிமிஷம் 30 விநாடிக்குள் ஓடியவருக்கு 60 மதிப்பெண். 31-வது விநாடியில் கோட்டைத் தொட்டவருக்கு 48. ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு மதிப்பெண் பறிபோகிறது. அத்திட்டத்தின் குணதோஷங்கள் வேறு விவாதத்துக்கு உரியவை. அத்தேர்வுக்கு ஓடுகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். அவர்கள் ஓட்டத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

இப்பிள்ளைகளுக்குப் பலம் குறைவென்று யாரும் சொல்ல முடியாது. சிறு வயது முதல் வெயிலில் காய்ந்து, களையெடுத்து, தண்ணீர்க் குடம் சுமந்து, பள்ளிக்கூடத்துக்கு மைல் கணக்கில் நடந்து உரமேறிய தேகங்கள் இவை. இருந்தும் பலர் தோற்றுத் திரும்புகின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் இருக்கிற பலத்தைப் பங்கிட்டுச் செலவிடத் தெரியாமலே தோற்கின்றனர் என்பது நமது அபிப்பிராயம். பலத்தைப் பங்கிடுவது ஒரு வித்தை. கற்பித்தால் வரும், கற்பிக்காவிடில் வராது.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நானூறு மீட்டர் வட்டத்தில் 1,600 மீட்டர் என்பது நான்கு சுற்று. 5 நிமிஷம் 30 விநாடி என்றால் சுற்றுக்கு எண்பத்திரண்டரை விநாடி. முதற் சுற்றின் முடிவில் கடிகாரம் 1 நிமிஷம் 22 விநாடியும், இரண்டாவதின் முடிவில் 2 நிமிஷம் 45 விநாடியும், மூன்றாவதின் முடிவில் 4 நிமிஷம் 7 விநாடியும் காட்டினால் அந்த ஓட்டம் சரியான வழியிற் போகிறது. நடப்பது என்ன? துப்பாக்கி வெடித்த மாத்திரத்தில் கூட்டம் முழுவதும் வெள்ளம்போலப் பாய்கிறது. கூட்டத்தோடு கூட்டமாகப் போகிறவன் முதற் சுற்றை 70 விநாடியில் முடித்துவிடுகிறான். பன்னிரண்டு விநாடி லாபம் என்று அவன் மனம் மகிழ்கிறது. இரண்டாவது சுற்று 80, மூன்றாவது 92, நான்காவது 94. மொத்தம் 5 நிமிஷம் 36 விநாடி. ஆறு விநாடியில் வாய்ப்பு கை நழுவுகிறது. அவனைவிடச் சற்றும் பலம் மிகாத இன்னொருவன் 82, 83, 83, 80 என்று நான்கு சுற்றையும் ஓடி 5 நிமிஷம் 28 விநாடியில் முடிக்கிறான். முதற் சுற்றில் முன்னவனுக்குப் பன்னிரண்டு விநாடி பின்னே வந்தவன், முடிவில் எட்டு விநாடி முன்னே நிற்கிறான்.

இதன் காரணத்தைத் தேக சாஸ்திரம் தெளிவாகச் சொல்லுகிறது. ஓடத் தொடங்கிய முதற் சில விநாடிகளுக்குத் தசைகளில் முன்னமே சேமித்து வைத்துள்ள சக்தி போதும். ஆதலால் எந்த வேகமும் அப்போது இலேசாகவே தோன்றும். இருதயமும் நுரையீரலும் தமது முழு வேகத்தில் பிராணவாயுவைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு நிமிஷம் ஆகிறது. அதற்குள் அளவு கடந்து ஓடினால், தசைகள் பிராணவாயு இல்லாமலே சர்க்கரைச் சத்தைச் சிதைத்துச் சக்தி எடுக்கின்றன. இது கடன் வாங்கிச் செலவு செய்வதை ஒக்கும். அக்கடனோ கந்துவட்டிக் கடன். மூன்றாவது சுற்றில் தொடைகள் கல்லாய்க் கனத்து, மூச்சு முட்டும்போதுதான் வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பது தெரியும். 1,500 மீட்டர் ஓட்டத்துக்குத் தேவையான சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு பிராணவாயுவின் துணையால் வருவதென்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். ஆகவே இது மூச்சின் பந்தயம். மூச்சை முதலிலேயே தொலைத்தவன் எஞ்சிய தூரத்தை எதைக் கொண்டு ஓடுவான்?

முதற் சுற்றில் தேகம் சொல்வது பொய் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1954-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி, ஆக்ஸ்போர்டு இஃப்லி ரோடு மைதானத்தில், ரோஜர் பானிஸ்டர் என்ற வைத்திய மாணவர் ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிஷத்துக்குள் ஓடிய முதல் மனிதர் ஆனார். அவர் தனியாக ஓடவில்லை. நண்பர்களான பிராஷர், சாட்டவே இருவரும் ஒருவர் பின் ஒருவராக முன்னே ஓடி வேகத்தை வகுத்துக் கொடுத்தனர். முதற் சுற்றிலே பானிஸ்டருக்குத் தம் கால்களில் சக்தி பொங்குவதாகத் தோன்றிற்று. வேகம் போதவில்லையென்று கருதி, இன்னும் விரைவாக ஓடும்படி பிராஷரை நோக்கிக் கூவினார். பிராஷர் அக்கூச்சலுக்குச் செவி சாய்க்கவில்லை. வகுத்த வேகத்திலேயே ஓடினார். சுற்றுக் கணக்கு 57.5, 60.7, 62.3, 58.9; மொத்தம் 3 நிமிஷம் 59.4 விநாடி. எல்லையில் மிச்சம் ஆறில் நான்கு பாகம் கூட இல்லாத ஒரு விநாடி. பிராஷர் அன்று நண்பரின் வார்த்தையைக் கேட்டிருந்தால், அந்த மிச்சம் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. அறிவிற் சிறந்த ஒரு வைத்திய மாணவரின் தேகமே அவரை ஏமாற்றப் பார்த்ததென்றால், விளாத்திகுளத்துப் பதினெட்டு வயதுப் பிள்ளையை ஏமாற்றாதா?

கடிகாரத்தையே குருவாகக் கொண்டு ஓடியவர் பின்லாந்து தேசத்துப் பாவோ நூர்மி. 1917-ம் வருஷத்திலே சுதந்திரம் பெற்ற அச்சிறு நாட்டின் பெயரை உலகமெங்கும் ஒலிக்கச் செய்தவர்களில் அவர் முதல்வர். 1920 முதல் 1928 வரை மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் ஒன்பது தங்கப் பதக்கங்கள் பெற்றார். 1924-ம் வருஷம் பாரிஸில் 1,500 மீட்டரையும் 5,000 மீட்டரையும் ஒரே நாளில் வென்றார். பந்தயத்தில் ஓடும்போதும் கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஓடுகிறவர் யார் என்பதைவிட விநாடி முள் எங்கே என்பதையே பார்த்து ஓடுவது அவர் வழக்கம். பிறர் வேகத்துக்கு ஆட்படாமல் தன் வேகத்தைத் தானே ஆள்வது இதுவே. சுயராஜ்யம் என்ற சொல்லுக்கு மைதானத்தில் இதைவிட நல்ல உரை கிடைப்பது அரிது.

நம் தேசத்து அனுபவமும் இதற்கு இசைந்ததே. 1976-ம் வருஷம் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஸ்ரீராம் சிங் முதற் சுற்றை 50.85 விநாடியில் ஓடி உலகத்தாரை வியக்க வைத்தார். இரண்டாவது சுற்றுக்கு அவருக்கு ஏறக்குறைய 55 விநாடி ஆயிற்று. 1 நிமிஷம் 45.77 விநாடியில் ஏழாவதாக வந்தார். அவர் வகுத்த வேகத்தைப் பற்றிக்கொண்டு கியூபா தேசத்து ஜுவான்டொரீனா 1 நிமிஷம் 43.50 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். ஸ்ரீராம் சிங்கின் துணிவை நாம் குறை கூறவில்லை. அவர் அன்று ஓடிய நேரம் இந்தியாவின் சாதனையாக 42 வருஷம் நின்றது; 2018-ம் வருஷத்தில் ஜின்சன் ஜான்சன் 1 நிமிஷம் 45.65 விநாடியில் ஓடி அதைக் கடந்தார். நாற்பத்திரண்டு வருஷத்தில் தேசம் முன்னேறியது விநாடியில் எட்டில் ஒரு பங்கு! ஆனால் முதற் சுற்றின் நான்கு விநாடி மிகுதி, இரண்டாவது சுற்றில் வசூலிக்கப்பட்டதையும் நாம் மறத்தலாகாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 1960-ம் வருஷம் ரோமாபுரியில் 400 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் மில்கா சிங் பாதித் தூரம் வரை முன்னணியில் ஓடினார். தாம் அளவு கடந்து ஓடுகிறோமோ என்ற ஐயத்தால் நடுவிலே வேகத்தைத் தளர்த்தியதாகப் பின்னர் அவரே சொல்லியிருக்கிறார். விநாடியில் பத்தில் ஒரு பங்கில் பதக்கம் தவறியது. ஆகவே நிதானம் என்றால் பயந்து பின்வாங்குவது என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். எந்த வேகத்தில் முடிவு வரை தாங்க முடியும் என்று முன்னமே அறிந்து, அவ்வேகத்தைச் சந்தேகமின்றிப் பற்றிக்கொள்வதே நிதானம். அந்த அறிவு பந்தய நாளில் பிறக்காது. பயிற்சிக் காலத்தில் பிறக்க வேண்டும்.

தூரத்துக்குத் தக்கபடி கணக்கும் மாறும். இரண்டே சுற்றுள்ள 800 மீட்டரில் முதற் சுற்று ஒன்றிரண்டு விநாடி விரைவாக இருப்பதே உத்தமம். 2012-ம் வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா, வேகம் வகுத்துக் கொடுப்பார் எவருமின்றித் தாமே முன்னணியில் ஓடி, முதற் சுற்றை 49.28 விநாடியிலும் இரண்டாவதை 51.63 விநாடியிலும் முடித்து, 1 நிமிஷம் 40.91 விநாடியில் உலக சாதனை செய்தார். நான்கு சுற்று ஓட்டத்துக்கு இவ்விதி பொருந்தாது. அங்கே சமமான சுற்றுகளும் விரைவான கடைசிச் சுற்றுமே நல்ல நேரத்தைத் தரும். அதுபோலவே, பதக்கத்துக்காக ஓடுவது வேறு, நேரத்துக்காக ஓடுவது வேறு. புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த லட்சுமணன் 2017-ம் வருஷம் புவனேசுவரத்தில் ஆசியப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அத்தகைய பந்தயத்தில் எதிரியைக் கண்காணித்து மெதுவாகப் போய்க் கடைசியில் பாயலாம். முதலாவதாக வந்தால் போதும். ஆள் சேர்க்கும் முகாமில் ஓடுகிறவனுக்கு எதிரி பக்கத்தில் ஓடுகிறவன் அல்லன். அவனுடைய பழைய நேரமே அவனுக்கு எதிரி.

இத்தத்துவம் கரிசற் சீமைக்குப் புதியதும் அன்று. இப்பக்கத்துத் திருவிழாக்களில் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு எனப் பிரித்து, போக வர இத்தனை மைல் என்று எல்லை குறித்து வண்டிகளை விடுவார்கள். போகும்போதே மாடுகளை அடித்து விரட்டும் சாரதி, திரும்பும் வழியில் நுரை தள்ளிய மாடுகளோடு பின்தங்குவான். கைதேர்ந்த சாரதியோ, போகும் வழியில் கயிற்றைத் தளர்த்தாமல் இழுத்துப் பிடித்து, கொடி திரும்பிய பின்னரே மாட்டின் மூச்சு அறிந்து விடுவான். மாட்டுக்குத் தெரிந்து நடத்துகிற இந்த நியாயத்தை நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் சொல்லித் தராமல் இருக்கிறோம்?

பயிற்சிக்கு வழி எளிதே. 1,600 மீட்டரை இப்போது 6 நிமிஷத்தில் ஓடுகிறவனுக்குச் சுற்று 90 விநாடி. ஒரே தாவலில் 82-க்கு இறங்க முயல்வது வீண். சில வாரத்துக்கு 88, பிறகு 86, பிறகு 84 என்று படிப்படியாக இறங்க வேண்டும். சுற்றுக்கு இரண்டு விநாடி குறைந்தால் மொத்தத்தில் எட்டு விநாடி குறையும். வாரம் ஒரு நாள், குறித்த வேகத்தில் 400 மீட்டர் ஓடி, அதே அளவு நேரம் மெல்ல நடந்து, மறுபடியும் ஓடுவதை ஆறு முறை செய்யலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், நண்பன் கையிலுள்ள கடிகாரத்தைப் பார்க்குமுன், எத்தனை விநாடியில் ஓடினோம் என்பதைத் தானே ஊகித்துச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் ஐந்தாறு விநாடி பிழைக்கும். ஊகமும் கடிகாரமும் ஒரு விநாடிக்குள் ஒத்துவரும் நாளில், அவன் காலிலேயே கடிகாரம் ஏறிவிட்டதென்று கொள்ளலாம். மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான நீண்ட ஓட்டம் மூச்சை வளர்க்கும்.

பந்தய நாளுக்கு இன்னும் ஒரு சூட்சுமம். ஓடுபாதையில் ஒரு வரிசையின் அகலம் 1.22 மீட்டர். ஒரு வரிசை தள்ளி வெளிவட்டத்தில் ஓடுகிறவன் சுற்றுக்கு ஏழரை மீட்டர் அதிகமாக ஓடுகிறான். நான்கு சுற்றில் அது 30 மீட்டர். நேரத்தில் ஆறு விநாடி! கூட்டத்தை முந்துவதற்காக வளைவுகளில் வெளியே ஓடுவது கையிலுள்ள பணத்தைக் கிணற்றில் போடுவதற்குச் சமானம். முந்துவதானால் நேர்ப்பாதையில் முந்த வேண்டும். நெரிசலில் இரண்டொரு விநாடி எப்படியும் போகுமாதலால், பயிற்சியில் 5 நிமிஷம் 24 விநாடியை, அதாவது சுற்றுக்கு 81 விநாடியை, இலக்காக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மூன்றாவது சுற்றே சோதனைச் சுற்று. ஆரம்பத்தின் உற்சாகமும் முடிவின் ஆவேசமும் இல்லாத சுற்று அது. பானிஸ்டருக்கும் அதுவே மிக மெதுவான சுற்று. அங்கே வேகம் குறையாமல் வைத்திருப்பதாக நினைக்கிறவனுக்கு வேகம் குறைந்துகொண்டேயிருக்கும். சற்றுக் கூட்டுவதாக நினைத்து ஓடினால்தான் அது சமமாக நிற்கும்.

இவற்றைச் சொல்லிக் கொடுக்க ஆசிரியரும், ஓடிப் பார்க்க இடமும் வேண்டும். நம் கிராமங்களில் அளந்து வைத்த ஓடுபாதை எங்கே இருக்கிறது? கரிசல் மண்ணின் குணம் யாவரும் அறிந்தது. கோடையில் கால் நுழையும் அளவு வெடிக்கும். ஐப்பசி மழையில் காலை விடாது பற்றும். ஆதலால் பிள்ளைகள் கண்மாய்க் கரையிலும், லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையின் ஓரத்திலும் ஓடுகின்றனர். அங்கே தூரமும் தெரியாது, நேரமும் தெரியாது, உயிருக்கும் உத்தரவாதமில்லை. ஒவ்வொரு யூனியனிலும் ஒரு பொது இடத்தைச் சமன் செய்து, சரளும் செம்மண்ணும் பரப்பி, 400 மீட்டர் வட்டத்தை அளந்து, நூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டுக் கொடுத்தால் போதும். மழைநீர் வடிய இரு பக்கமும் வாய்க்கால் வேண்டும். இதற்கு லக்ஷக் கணக்கில் விலையுள்ள செயற்கைத் தளம் தேவையில்லை. பஞ்சாயத்துகளும் ஊர்ப் பெரியவர்களும் மனம் வைத்தால் ஒரு கோடைக்குள் முடிகிற காரியம்.

இடமும் பயிற்சியும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோவில்பட்டியே அத்தாட்சி. ஹாக்கி ஆட்டத்தை இவ்வூர் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வளர்த்தது. மைதானம் இருந்தது, சொல்லிக் கொடுப்பார் இருந்தனர், அகில இந்தியப் பந்தயங்களும் நடந்தன. பலன், 2022-ம் வருஷம் ஜகார்த்தாவில் வெண்கலம் வென்ற ஆசியக் கோப்பை அணியில் இவ்வூர்ப் பிள்ளை மாரீஸ்வரன் சக்திவேல் இடம் பெற்றார். ஹாக்கிக்குச் செய்ததில் ஒரு பங்கை ஓட்டத்துக்குச் செய்தால் என்ன?

பெண் மக்களையும் இதில் மறத்தலாகாது. புதுக்கோட்டை ஜில்லாவின் வறண்ட கிராமம் ஒன்றில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-ம் வருஷம் தோஹாவில் ஆசிய விளையாட்டின் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்தார். பின்னர் பரிசோதனை ஒன்றின் பேரைச் சொல்லி அவர் பதக்கத்தைப் பறித்தனர். அந்த அநியாயம் தமிழ்நாட்டின் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. ஆயினும் வறண்ட சீமைப் பெண்ணின் கால்களுக்கு ஆசியாக் கண்டத்தில் இணை இருவர்கூட இல்லை என்பதை அவர் ஓட்டம் காட்டியது. அந்தப் பாதையில் ஓட விரும்பும் பெண்களுக்கு நெடுஞ்சாலையின் இருட்டு ஏற்ற இடமாகாது. அளந்த, வெளிச்சமுள்ள, ஊர் நடுவிலுள்ள மைதானம் அவர்களுக்கு இன்னும் அவசியம்.

முடிவாக, தேச சேவையில் ஈடுபட்ட நம் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1930-ம் வருஷம் மார்ச்சு 12-ந் தேதி சபர்மதியிலிருந்து புறப்பட்ட மகாத்மாவுக்கு அப்போது வயது 60. தண்டி சுமார் 240 மைல். ரயிலில் போயிருந்தால் ஒரே நாளில் சேர்ந்திருக்கலாம். அவர் 24 நாள் நடந்தார், நாளைக்குப் பத்து மைல் என்ற கணக்கு, திங்கட்கிழமை ஓய்வு. ஒவ்வொரு நாளும் ஒரு கிராமம் விழித்தது. ஏப்ரல் 5-ந் தேதி கடற்கரையை அடையும்போது தேசமே விழித்திருந்தது. அதே ஏப்ரலில் 13-ந் தேதி திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியின் படையும், வேதாரண்யம் வரை சுமார் 150 மைலை இரண்டு வாரத்தில் நடந்து கடந்தது. முதல் நாளே முப்பது மைல் நடந்து நான்காம் நாள் படுத்துவிட்ட படையால் உப்புச் சட்டம் உடைந்திராது.

வ. உ. சிதம்பரனார் பிறந்த ஒட்டப்பிடாரமும் பாரதியார் பிறந்த எட்டயபுரமும் இக்கரிசற் சீமையிலேயே உள்ளன. இம்மண்ணுக்குத் தைரியத்தில் எக்காலத்தும் பஞ்சம் வந்ததில்லை. தைரியத்தைக் கணக்கோடு செலவிடும் பழக்கமே இன்று வேண்டுவது. பொதுக்கூட்டத்தில் முதல் வாரம் மூச்சு முட்ட முழங்கி, மூன்றாம் மாதம் ஊரில் இல்லாமற் போகும் தொண்டர்களையும், முதற் சுற்றில் முந்தி நான்காவது சுற்றில் உட்காரும் வாலிபர்களையும் நாம் நிறையப் பார்த்துவிட்டோம். இரு சாராரும் கற்க வேண்டிய பாடம் ஒன்றே. அடுத்த ஆள் சேர்ப்பு முகாம் வருமுன், அந்தந்த ஊர் வாலிபர் சங்கத்தார் ஒரு நாள் நூலும் முளையும் எடுத்துக்கொண்டு மந்தைக்குப் போய், நானூறு மீட்டர் வட்டம் ஒன்றை அளந்து கல் நடுவார்களாக. ஒரு கடிகாரத்தையும் வாங்கி வைப்பார்களாக. மற்றதை நம் பிள்ளைகளின் கால்கள் பார்த்துக்கொள்ளும்.